டியெம் ஆட்சியைக் கவிழ்த்தது யார்: பிக்குகளா, தளபதிகளா?

கரிசல்காட்டான்:
தம்மநிழல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "1963இல் தென்வியட்நாமின் புத்த பிக்குகள் ஒரு தோட்டாகூட வெடிக்காமல் அதிபர் டியெம்மின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சமூகத்தில் இறங்கிய பௌத்தத்தின் வலிமை இதுதான்" என்கிறார். ஒரு தோட்டாகூடவா? நவம்பர் 1 அன்று டுவோங் வான் மின் தலைமையில் தளபதிகள் அரண்மனையை முற்றுகையிட்டுப் பீரங்கியால் தாக்கினார்கள். மறுநாள், சரணடைந்த டியெம்மையும் அவர் தம்பி நூவையும் கவச வண்டிக்குள் வைத்துக் கொன்றார்கள். ஆட்சி விழுந்தது அப்போதுதான். இதில் பிக்குகள் எங்கே வந்தார்கள்?

தம்மநிழல்:
கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் இப்படித்தான் தெரியும். மே 8 அன்று, புத்தர் பிறந்த நாளில், ஹூவே நகரில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை விதித்தார்கள். எதிர்த்து வானொலி நிலையத்தின் முன் கூடியவர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் திக் குவாங் டுக் தீக்குளித்தார்; உலகமே அதிர்ந்தது. ஆகஸ்ட் 21 நள்ளிரவில் சா லோய் விகாரையும் மற்ற விகாரைகளும் சூறையாடப்பட்டன. 1,400 பேருக்கு மேல் கைது. வெளியுறவு அமைச்சர் வூ வான் மாவ் தலையை மழித்துக்கொண்டு பதவியைத் துறந்தார். பிறகு பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். சிறைக்குப் போன பிள்ளைகளில் பலர் அரசு அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள். சொந்தப் பிள்ளையைச் சிறையில் அடைத்த ஆட்சிக்கு எந்த அதிகாரி காவல் நிற்பார்? தளபதிகள் இடித்தது ஏற்கெனவே உளுத்துப்போன சுவரை.

கரிசல்காட்டான்:
நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நவம்பர் 1 அன்று சுட்டது யார்? 1960 நவம்பரிலேயே பாராசூட் படையினர் டியெம்முக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். 1962 பிப்ரவரியில் இரண்டு விமானிகள் அரண்மனை மீது குண்டு போட்டார்கள். பிக்குகள் தெருவுக்கு வருமுன்பே ராணுவம் டியெம்மை ஒழிக்கத் துடித்துக்கொண்டிருந்தது. 1963 ஆகஸ்ட் 24 அன்று, நூவை விலக்காவிட்டால் டியெம்மைக் கைவிடலாம் என்று வாஷிங்டனிலிருந்து சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதர் லாட்ஜுக்குத் தந்தியும் போய்விட்டது. அமெரிக்கா கைவிட்டது, தளபதிகள் சுட்டார்கள். அவ்வளவுதான் வரலாறு.

தம்மநிழல்:
1960இல் தோற்றார்கள், 1962இலும் தோற்றார்கள். 1963இல் மட்டும் எப்படி வென்றார்கள்? இடையில் நடந்தது என்ன? நீங்களே சொல்லும் தந்தி ஆகஸ்ட் 24. விகாரைகள் சூறையாடப்பட்டது ஆகஸ்ட் 21. மூன்று நாள் இடைவெளியைக்கூடவா பார்க்க மாட்டீர்கள்?

யாழ்மைந்தன்:
இரண்டு பேரும் வியட்நாமிலேயே நில்லுங்கள், பக்கத்துத் தீவான இலங்கையைப் பார்க்காதீர்கள். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து போராடித்தான், தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தைக் கைவிட வைத்தார்கள். அங்கே அவர்கள் கையில் கல்லோ துப்பாக்கியோ இல்லை. தமிழருக்குக் கிடைக்கவிருந்த கொஞ்ச நீதியும் அந்த 'அறப்போராட்டத்தில்' போயிற்று. அடுத்த ஆண்டு அதே பண்டாரநாயக்காவைச் சுட்டவரும் ஒரு பிக்குதான். காவி உடையைக் காட்டி எனக்குச் சமூகநீதி வகுப்பு எடுக்க வேண்டாம்.

வைகைக்கரை:
யாழ்மைந்தன், அதே 1958இல் அதே தீவில் ஆரியரத்ன சர்வோதய இயக்கத்தைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்ட கிராமங்களில் மாணவர்களோடு சிரமதானம் செய்தார். அதுவும் பௌத்தம்தான். சிலர் செய்த குற்றத்தை ஒரு மார்க்கத்தின் தலையில் கட்டாதீர்கள். கரிசல்காட்டான் பற்றி எனக்கு வியப்பில்லை. அயோத்திதாசர் விவாதத்திலும் ஒரே கேள்வியை நூறு முறை கேட்டு எல்லாரையும் விரட்டியவர்தானே!

கரிசல்காட்டான்:
அந்த விவாதத்தில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள். அயோத்திதாசர் மீது எனக்கு இருக்கும் மரியாதை உங்களுக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம். அவர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார், 1907 முதல் வார இதழ் நடத்தினார். தளபதிகள் பறித்துத் தந்த கனியைத் தன் கூடையில் போட்டுக்கொள்ளவில்லை. நாக்பூரில் 1956இல் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் தம்மம் தழுவினாரே, அதைச் சொல்லுங்கள், தலைவணங்குகிறேன். அதற்குப் பின்னால் எந்தப் பீரங்கியும் இல்லை. நவம்பர் 1க்குப் பின்னால் இருந்தது.

யாழ்மைந்தன்:
வைகைக்கரை, 'சிலர்' என்கிறீர்களே, தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தில் வீடு இழந்தவர்களிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். சிரமதானத்தில் போட்ட பாதையில் ஒப்பந்தம் திரும்பி வந்ததா?

வைகைக்கரை:
உங்கள் வலி புரிகிறது. ஆனால் வியட்நாம் பிக்கு திக் நாட் ஹான் என்ன பாவம் செய்தார்? அவருடைய சமூக சேவை இளைஞர் பள்ளி வியட்நாம் கிராமங்களில் வேலை செய்தது. ட்ரா லோக் கிராமம் குண்டுவீச்சில் அழிந்தது, கட்டினார்கள். மறுபடி அழிந்தது; மறுபடி கட்டினார்கள். 1967இல் அந்தப் பள்ளியின் இளைஞர்களைக் கடத்திச் சுட்டுக் கொன்றார்கள். அப்போதும் அவர்கள் பழிவாங்கக் கிளம்பவில்லை. அதே ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் அவர் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார்.

கரிசல்காட்டான்:
திக் நாட் ஹானை இழுக்காதீர்கள். 1963இல் அவர் அமெரிக்காவில் இருந்தார். கேள்வி டியெம்மைப் பற்றியது. 1966இல் நடந்ததைத் தம்மநிழல் ஏன் எழுதவில்லை? ராணுவ ஆட்சியை எதிர்த்து ஹூவேயிலும் டா நாங்கிலும் மக்கள் தங்கள் வீட்டு வழிபாட்டுப் பீடங்களைத் தெருவில் வைத்து டாங்கிகளை மறித்தார்கள். அதைவிடத் தூய அறப்போராட்டம் உண்டா? அன்றைய பிரதமர் ஜெனரல் கீயின் படை நசுக்கிவிட்டது. 1963இல் தளபதிகளும் டியெம்முக்கு எதிராக இருந்தார்கள், வெற்றி. 1966இல் தளபதிகள் பிக்குகளுக்கு எதிராக இருந்தார்கள், தோல்வி. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

தம்மநிழல்:
1966இல் டா நாங்கில் படைப்பிரிவுகளே துப்பாக்கியோடு போராட்டக்காரர் பக்கம் நின்றன. அதைத் தூய அறப்போராட்டம் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். நான் சொல்வது மாறாது: டியெம்மின் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் பிக்குகள். தளபதிகள் கடைசியில் வந்து சேர்ந்தவர்கள்.

கரிசல்காட்டான்:
'ஒரு தோட்டாகூட வெடிக்காமல்' என்ற வரி உங்கள் பதிவில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நீக்கும் வரை நான் இங்கிருந்து நகரப் போவதில்லை.

தம்மநிழல்:
ஒரு எழுத்தைக்கூட நீக்க மாட்டேன்.

யாழ்மைந்தன்:
என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து ஓர் இனத்தின் உரிமையைப் பறித்தது அகிம்சையா, இல்லையா?