பிரிகாமியா பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை. யாராவது விதை எடுத்திருக்கிறீர்களா?

விதைப்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் நாலு வருடமாக ஒரு பிரிகாமியா இருக்கிறது, ஹவாய் பனை என்று சீட்டு மாட்டி விற்பார்களே, அதேதான். அடி பருத்த ஒற்றைத் தண்டு, உச்சியில் முட்டைக்கோசைப் பிரித்து வைத்த மாதிரி இலைக்கொத்து. போன வருடமும் இந்த வருடமும் வெளிர்மஞ்சளில் ஏழெட்டுப் பூ வந்தது, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை, வாடியதும் காம்போடு கழன்று விழுகிறது. ஒரு நாள் பிரஷ்ஷை எடுத்து எல்லாப் பூவையும் தடவியும் பார்த்தேன், பலனில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். கோடையில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தன, தண்ணீர் போதவில்லையோ என்று அன்றிலிருந்து தினமும் ஊற்றுகிறேன். சரிதானா?

தொட்டிவாசி:
முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அந்தத் தண்டே ஒரு தண்ணீர்க் குடம்தான். வெயில் காலத்தில் அது இலையை உதிர்ப்பது அதன் இயல்பு, தாகம் இல்லை. நானும் இதே பயத்தில் ஊற்றி ஊற்றி என் முதல் செடியை அழுக விட்டேன், மேலே இலை பச்சையாக இருக்கும்போதே அடித்தண்டு உள்ளே கூழாகியிருந்தது. இப்போது வாரம் ஒரு தடவை தண்டின் அடியை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். கல் மாதிரி இருந்தால் விட்டுவிடுவேன், லேசாக அமுங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவேன். அடியில் மட்டும் கொழகொழவென்று இருந்தால் அது தாகமில்லை, அழுகல். இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திக்கு இந்தச் செடி என்றால் உயிர்.

மகரந்தம்:
காய் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பூ காத்திருக்கிற பூச்சி உங்கள் வீட்டில் இல்லை. இப்போது அதன் சொந்தத் தீவிலும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தச் செடி ஹவாயின் கவாய், நீஹாவ் தீவுகளின் கடலோரப் பாறைச் சரிவுகளில் வளர்ந்தது. பூவின் குழலைப் பார்த்திருப்பீர்கள், ஒரு சாண்கூட இருக்காது, ஆனாலும் சாதாரணத் தேனீயின் நாக்கு அடியைத் தொடாது. நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சி ஒன்றுதான் முன்பு மகரந்தம் சுமந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அது வராமல் போனதும் காட்டிலேயே விதை பிடிப்பது நின்றுபோனது. அதனால் ஸ்டீவ் பெர்ல்மன், கென் உட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கி, கையாலேயே மகரந்தம் தடவி விதை சேகரித்தார்கள். 1992 செப்டம்பரில் இனிகி சூறாவளி கவாயை அடித்தபோது மிச்சமிருந்த செடிகளிலும் பல போயின. காட்டு ஆடுகள் வேறு மேய்ந்தன. 2014-ல் காட்டில் ஒரே ஒரு செடி இருந்தது என்றுதான் கணக்கு.

நீங்கள் தடவியும் பிடிக்காததற்குக் காரணம் நேரம். ஒவ்வொரு பூவும் முதலில் ஆண், அப்புறம் பெண். விரிந்த புதிதில் சூல்தண்டு மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், அப்போது அதன் நுனி மூடியிருக்கும், என்ன தடவினாலும் ஏறாது. சில நாள் கழித்து அந்த நுனி இரண்டு இதழாகப் பிளந்து பிசுபிசுப்பாகும். மகரந்தம் ஏற்பது அப்போதுதான். நீங்கள் எல்லாப் பூவையும் ஒரே நாளில் தடவினேன் என்கிறீர்கள், அன்றைக்கு எதுவுமே பிளந்திருக்காது. புதுப் பூவிலிருந்து காய்ந்த பிரஷ்ஷில் எடுத்து, பழைய பூவின் பிளந்த நுனியில் வையுங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மஞ்சள் பொடி ஒட்டியிருப்பது தெரியும்.

விதைப்பெட்டி:
ஐயோ, ஆமாம், எல்லாம் விரிந்த மறுநாளே தடவினேன்! இப்போது இரண்டு பூதான் மிச்சம், அதில் ஒன்று நுனி பிளந்தே இருக்கிறது, இன்னொன்று இன்னும் விரியவில்லை. ஆனால் என்னிடம் ஒரே செடிதானே, அதே செடியின் மகரந்தம் போதுமா?

மகரந்தம்:
பிடிக்கும். இதழுக்குக் கீழே காம்பு தடித்தால் காய் ஏறிவிட்டது என்று அர்த்தம். காய் தானாக வெடிக்கும் நேரத்தில் காகிதப் பை கட்டிவிடுங்கள், விதை தூசி மாதிரி இருக்கும். விதைக்கும்போது மண்ணைப் போட்டு மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.

ஆனாலும் முடிந்தால் வேறொருவர் செடியின் மகரந்தம் வாங்குங்கள்.

மலைச்சாரல்:
மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. பனை இல்லை இது, லொபிலியா என்ற பூச்செடிக்குச் சொந்தம், பேரினத்திலேயே இரண்டே இனம்தான். இன்னொன்று பிரிகாமியா ராக்கியை, மொலோகாய் தீவின் பாறைகளில் வெள்ளையாகப் பூப்பது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே 1867-ல், ஹவாய்ச் செடிகளை ஆராய்ந்த வில்லியம் பிரிகாமின் பெயரை இந்தப் பேரினத்துக்கு வைத்தார், ஹவாய்க்காரர்கள் உங்கள் செடியை ஆலுலா, ஓலுலு என்பார்கள்.

மகரந்தம் ஏன் வேறு செடி கேட்கிறார் என்றால், தொட்டிகளில் இன்று இருக்கும் செடிகளெல்லாம் கொஞ்சம் தாய்ச்செடிகளின் வழி வந்தவை, அதனால் எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் உள்ளே வகை குறைவு. கடையில் ஆயிரம் இருக்கிறதே, அழியவில்லையே என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாவரவியல் தோட்டங்கள் எந்த விதை எந்தச் செடியினது என்று குறித்து வைத்து வளர்ப்பது இதனால்தான். நீங்களும் உங்கள் காய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள், எந்தப் பூவின் மகரந்தம், எந்த நாள் என்று. அப்புறம் அந்த இரண்டாவது பூ விரிந்தால் மகரந்தத்தை எடுத்து காகிதத்தில் மடித்து, குளிர்சாதனப் பெட்டியில் உலர்வாக வையுங்கள். என் செடி இப்போதுதான் மொட்டு வைக்கிறது, அதற்கு அது வேண்டும்.