புருஷன் பெண்டாட்டி சண்டையை மேடை ஏற்றினால்

நாங்கள் போட்டது 40 நிமிட நாடகம். இரண்டே பேர், ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு எவர்சில்வர் குடம். பெண்டாட்டியின் மூணு பவுன் சங்கிலியைப் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் அடகு வைத்துவிடுகிறான். அவள் பீரோவைத் திறக்கிற இடத்தில் ஆரம்பம். புருஷன் நான்தான்.

முதல் தடவை மதுரைக்குள் ஒரு மாடி ஹாலில். 60 பேர் இருந்திருப்பார்கள், பாதி தெரிந்த முகம். கைதட்டினார்கள். முடிந்ததும் ஒருவர், அந்தக் குடம் எதற்குக் குறியீடு என்று கேட்டார். தண்ணீர் குடிக்கத்தான் சார் என்று நாக்கு நுனி வரை வந்தது.

அடுத்தது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர் மந்தையில், பங்குனிப் பொங்கலுக்கு. ராத்திரி பத்து மணிக்கு, விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகம், அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு மணி நேரம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். "யாரைக் கேட்டு பீரோவைத் தொறந்த?" என்று நான் கத்தினதுதான் தாமதம், பெண்கள் பக்கமிருந்து ஒரு அப்பத்தா, "யாரைக் கேட்டுடா நீ எடுத்த?" என்றார். பின்னாலேயே இன்னொரு குரல்: "வட்டியாச்சும் கட்டுனியா?" எழுதி வைத்த வசனம் அத்தோடு போச்சு. கூட நடித்தவர் கெட்டிக்காரர். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "நல்லாக் கேளுங்க அப்பத்தா" என்று சொல்லிவிட்டார். நாடகம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் நான் கை ஓங்குகிற கட்டத்தில் ஆண்கள் பக்கம் விசில். "போடு மாப்ள!" ஹாலில் அதே இடத்தில் ஒருத்தர்கூட இருமவில்லை. எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஸ்பெஷல் நாடகத்துக்கு வந்திருந்த ஆர்மோனியக்காரர்தான் அப்புறம் விளக்கினார். அதில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன், வருவதற்கு முன்னால், பபூன் பகுதியில் 'அடிபிடி' என்று ஒரு காமிக் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்வார்கள், ஊர் சிரிக்கும். "ஒங்களையும் அந்தக் கணக்குல சேத்துட்டாய்ங்க தம்பி."

அன்றைக்கே அதையும் உட்கார்ந்து பார்த்தேன். அதில் நடித்த இருவரும் அன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கிக் கூட்டி வருவார்கள், ஒத்திகை கிடையாது. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த எங்களைவிட அவர்கள் சண்டை சுத்தமாக இருந்தது. சிரித்தேன், பொய் சொல்வானேன். பெண்கள் பக்கம் சிலர் சிரித்தார்கள், சிலர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அதே கூட்டம் விடியற்காலையில், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது அசையாமல் கேட்டது. சுவாமிகள் 1922இல் மறைந்தவர். அந்தத் தர்க்கத்தில் யாரும் கை ஓங்குவதில்லை.

* * *

மேலே எழுதியிருக்கிற தம்பி மாதிரி நான் நடிக்கிற ஆள் இல்லை, பார்க்கிற ஆள். மதுரையில் இந்த மாதிரி ஒரு சின்ன நாடகத்துக்கு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதியில் என் காதருகே வந்து, "நம்ம வீட்டுக் கதைய யார்ட்ட சொன்ன?" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. திருமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்தேன். வளையல் பத்திரமாக இருந்தது. அதற்கடியில் அடகுச் சீட்டு. வளையலை அடகிலிருந்து திருப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது!

* * *

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவோ தேவலை. நாங்கள் நாடகம் போட்ட அந்த உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து கிளம்புகிற அன்று காலையில் டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் எனக்கு மட்டும் கிளாஸைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தார். காசை நீட்டினால் வாங்கவில்லை.

"சங்கிலியத் திருப்பிட்டியா இல்லையா?"