புதுப்பிப்பு: பழைய பெட்ரோல் கார், மைலேஜ் 11 – காரணம் கிடைத்தது

சேலத்தில் வாங்கிய 2009 மாடல் கார் லிட்டருக்கு 11 கி.மீ.தான் தருகிறது, ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியதில் பெரிய வித்தியாசமில்லை. 'தெர்மோஸ்டாட்டைப் பாருங்க' என்றவர் சொன்னதுதான் சரி. இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் அந்த வால்வு, திறந்தபடியே சிக்கியிருந்தது. இன்ஜின் சூடேறாததால் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருந்தது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கும், இறங்கும்போது அடியோடு விழும். அதுதான் அடையாளம். தெர்மோஸ்டாட், கேஸ்கெட், கூலன்ட் மாற்றியபின் டேங்க் நிரப்பிப் பார்த்த கணக்கில் லிட்டருக்கு 14 கி.மீ.

எதிர்பாராதது: முன் இடது சக்கரத்தில், காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் 'பின்' (pin) துருப்பிடித்து, பிரேக் உரசியபடியே இருந்தது. அந்த வீல் மட்டும் கொதித்தது! பின்னைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் வைத்ததும் 15.5. வாங்குமுன் ஜாக்கி போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்று பாருங்க.