கேஸ் செக் வார்த்த குண்டுக்கு அவசியமா, வெறும் பழக்கமா?

ஈயக்கரண்டி:

வீட்டில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பவர் யாராவது "குழலில் ஈயம் படிகிறது" என்று சொன்னால் போதும், "கேஸ் செக் போடுங்கள்" என்று உடனே பதில் வந்துவிடுகிறது. குண்டின் அடியில் மாட்டுகிற அந்தச் சின்னச் செம்புக் கிண்ணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைத்துப்பாக்கியில் சுடும் பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை.

ஈயம் படிவதற்கு முதல் காரணம் அளவு. குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் பள்ள விட்டத்தைவிட வார்த்த குண்டு 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் எரிந்த வெடிமருந்தின் வாயு குண்டின் பக்கவாட்டில் நழுவி முன்னே ஓடுகிறது. போகிற வழியில் ஈயத்தை அரித்து எடுத்துக்கொண்டு போய்க் குழலில் பூசிவிடுகிறது. ரிவால்வரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிண்டர் அறையின் வாய் பள்ள விட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய குண்டை வைத்தாலும் அந்த வாய் அதை நெருக்கிச் சிறிதாக்கித்தான் குழலுக்குள் அனுப்பும். அந்தத் துப்பாக்கியில் செக் போட்டுப் பார்த்து "படிவு குறைந்துவிட்டது" என்று திருப்திப்படுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது.

.38 ஸ்பெஷல், .45 ஏசிபி போன்றவற்றில் குண்டு வினாடிக்கு 700 முதல் 900 அடி வேகத்தில் போகிறது. சரியான அளவு, சாதாரணக் கலவை, நல்ல லூப் (குண்டின் பள்ளத்தில் பூசும் மசகு) மூன்றும் இருந்தால் அங்கே செக்குக்கு வேலையே கிடையாது.

நீள்குழல்:

கைத்துப்பாக்கி வரை நீங்கள் சொல்வதைப் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் தலைப்பில் கைத்துப்பாக்கி என்ற வரையறை இல்லையே. ரைஃபிளில் சுடுபவர்களும் இதைப் படிப்பார்கள்.

கேஸ் செக் ஏன் வந்தது என்று பாருங்கள். கருமருந்துக் காலத்தில் அப்படி ஒன்று தேவைப்படவில்லை. புகையில்லா மருந்து வந்து அழுத்தமும் வேகமும் ஏறிய பிறகுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குண்டு அச்சுகள் செய்த ஐடியல் நிறுவனத்தின் ஜான் பார்லோ அதைக் கொண்டுவந்தார். அன்றைய புது ரைஃபிள்களில் ஈயக் குண்டின் அடிப்பாகம் தாக்குப்பிடிக்காததுதான் காரணம். இன்று .30-30 ரைஃபிள் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. .45 ஏசிபி 21,000. இரண்டையும் ஒரே விதியில் அடக்க முடியாது.

அடிப்பாகம் என்பது குண்டுக்குச் சுக்கான் மாதிரி. ஃபிராங்க்ளின் மான் என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தவர். மூக்கு நசுங்கிய குண்டு இலக்கில் பெரிதாக விலகவில்லை, அடி சிதைந்த குண்டு நன்றாகவே விலகியது. காரணம் எளிது. குழல்வாயை விட்டு வெளியேறும் கணத்தில் அடிவிளிம்பின் ஒரு பக்கம் முன்னதாக விடுபட்டால், பின்னாலிருந்து பீறிடும் வாயு குண்டைச் சாய்த்துத் தள்ளிவிடும். குண்டு வார்க்கும் அச்சின் மேல்தகடு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அடிவிளிம்பில் பிசிறு வந்துவிடுகிறது என்பது வார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். செக் மாட்டினால் எல்லாக் குண்டுக்கும் ஒரே மாதிரிச் சதுரமான, கூர்மையான விளிம்பு கிடைக்கிறது. ஈயப் படிவை விடுங்கள், இதற்காக மட்டுமே ரைஃபிளில் நான் செக் போடுவேன்.

ஈயக்கரண்டி:

மேல்தகடு தளர்ந்திருந்தால் திருகை இறுக்குங்கள். அச்சைச் சரியான சூட்டில் வைத்து, உருகிய ஈயம் மேலே நன்றாகத் தேங்கும்படி ஊற்றினால் அடிப்பாகம் கண்ணாடி போல வரும். வார்ப்பில் வந்த குறையைச் செம்புத் தொப்பி போட்டு மூடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கைத்துப்பாக்கியிலும் "வேகம் ஏறினால் செக் கட்டாயம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வடிவமைத்த .44 குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். லைமன் நிறுவனத்தின் அச்சு எண் 429421. தட்டையான அடி, ஆழமான சதுர லூப் பள்ளம், செக்குக்கு இடமே இல்லை. .44 மேக்னம் 1955இல் கடைக்கு வரும் முன்பே, .44 ஸ்பெஷல் துப்பாக்கிகளில் அவர் அந்தக் குண்டை வேகமாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். இன்றும் அந்த அச்சு விற்கிறது.

நீள்குழல்:

அதே லைமனுக்கு ரே தாம்ப்சன் செக் வைத்த குண்டுகளை வடிவமைத்தாரே. .357க்கு 358156, .44க்கு 429244. அவையும் இன்றுவரை ஓடுகின்றன. கீத் செக்கை விரும்பவில்லை என்பது அவருடைய அனுபவம். அதையே சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே காலத்து வல்லுநர்கள் இருவர் எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், .357, .44 மேக்னம் வேகம் இரண்டு வழியும் பலிக்கிற எல்லைப் பகுதி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அச்சுக்காரி:

இருவரும் பெயர்களை அடுக்குகிறீர்கள். செக் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வியை யாரும் தொடவில்லை.

மூன்று விளக்கங்கள் புழங்குகின்றன. வாயுவை அடைத்து முத்திரை போல நிற்கிறது என்பது ஒன்று. முந்தைய குண்டு விட்டுப்போன ஈயத்தைச் சுரண்டிக்கொண்டு போகிறது என்பது இன்னொன்று. மூன்றாவது, ஈயத்தைவிட வலுவான உலோகம் என்பதால் வரிகளை நழுவாமல் பிடித்துக் குண்டைச் சுழல வைக்கிறது என்பது. முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்துதான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். சுரண்டும் விளக்கத்தை நான் அதிகம் நம்புவதில்லை. ஏற்கெனவே ஈயம் படிந்த குழலில் செக் வைத்த குண்டை விட்டால் சுத்தமாகிவிடும் என்று சொல்லித் திரிகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அடைசல் உள்ள குழலில் அழுத்தம் கூடும். தூரிகையை எடுத்துத் துலக்குங்கள்.

அடுத்து, கலவையின் கடினத்தன்மை. "ஈயம் படிகிறதா, கலவையை இறுக்கு" என்பதும் செக் மாதிரியே பரவிய இன்னொரு மந்திரம். கடினத்தை அளக்கும் பிரினெல் எண் சுத்த ஈயத்துக்கு 5. வண்டிச் சக்கரத்தைச் சமன்படுத்த ஒட்டும் எடைகளின் ஈயம் ஏறக்குறைய 9 முதல் 12. 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி சேர்ந்த லைமன் இரண்டாம் எண் கலவை 15. அச்சகங்களில் இருந்த லினோடைப் எழுத்து உலோகம் 22. இந்த எண்ணை 1422ஆல் பெருக்கி, "உன் தோட்டாவின் அழுத்தம் இதைத் தொட்டால்தான் குண்டின் அடி விரிந்து அடைக்கும்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 1422 வேறொன்றுமில்லை. சதுர மில்லிமீட்டருக்குக் கிலோ என்ற அலகைச் சதுர அங்குலத்துக்குப் பவுண்டு என்று மாற்றும் எண், அவ்வளவுதான். உலோகம் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் அழுத்தம் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 15 எண் கலவை 21,000 பவுண்டு வரை அசையாது என்பது தப்பு. அதற்கு வெகுமுன்பே இளகிக் கொடுக்கும்.

இது செக் விவாதத்துக்கு ஏன் முக்கியம் என்றால், அளவு சிறிய குண்டை மிகக் கடினமாக வார்த்தால் அது விரியவும் விரியாது, வாயு பக்கவாட்டில் அரித்துக்கொண்டே போகும். கொஞ்சம் மென்மையான கலவையில் வார்த்துச் செக் மாட்டினால், உடம்பு இளகிக் குழலை நிறைக்கும், அடியைச் செம்பு காக்கும். வேட்டைக்கு வார்ப்பவர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். இரையில் பட்டதும் மிகக் கடினமான குண்டு விரியாமல் நொறுங்கலாம், மென்மையானது விரியும். ஈயக்கரண்டி அண்ணன் இந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

புதுவார்ப்பு:

அக்கா, அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். எனக்கு 9 மி.மீ. பிஸ்டல். அச்சிலிருந்து வரும் குண்டு 0.357 அங்குலம் இருக்கிறது, குழலின் பள்ளம் 0.355. அளவு சரியாகத்தானே இருக்கிறது? இருந்தும் தோட்டா அறைக்குப் பக்கத்திலேயே ஈயம் படிகிறது. செக் வைக்கிற அச்சு வாங்கலாமா?

ஈயக்கரண்டி:

வாங்காதே தம்பி. முதலில் ஒரு தோட்டாவை முழுவதும் தயார் செய்து, குண்டை இழுத்தெடுக்கும் கருவியில் போட்டு எடுத்து, மறுபடி அளந்து பார். 9 மி.மீ. தோட்டாக் கூடு உட்புறம் கீழே போகப் போகத் தடிக்கும். கூட்டின் வாயை விரிக்கும் உளியும் செம்புறை போட்ட குண்டுக்கு என்று செய்தது, சிறியதாக இருக்கும். மென்மையான உன் குண்டைக் கூடே நெருக்கி 0.355க்கோ அதற்குக் கீழேயோ கொண்டுவந்திருக்கும். வாயைக் கொஞ்சம் அதிகமாக விரிக்கிற, வார்த்த குண்டுக்கான உளியைப் போட்டுப் பார். கடைசியில் வாயை மடக்கும்போதும் விரித்த பகுதியை நேராக்கினால் போதும், குண்டைக் கடிக்கக் கூடாது.

அறைக்குப் பக்கத்தில் படிந்தால் பெரும்பாலும் அளவுக் கோளாறு. குழல்வாய்ப் பக்கம் படிந்தால் லூப் பாதியிலேயே தீர்ந்துபோகிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் செக் வாங்குவது வீண்.

நீள்குழல்:

இதில் ஈயக்கரண்டியுடன் முழுக்க நிற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குழல் குளோக் பிஸ்டலில் இருப்பது போலப் பலகோண வடிவில் இருந்தால் கையேட்டை முதலில் படியுங்கள். உறையில்லாத ஈயக் குண்டு வேண்டாம் என்று குளோக் சொல்கிறது. செக் மாட்டினாலும் அது உறையில்லாத ஈயக் குண்டுதான். பக்கங்களெல்லாம் ஈயமாகத்தானே இருக்கின்றன.

பூச்சுப்பெட்டி:

இந்தச் சண்டையே இனி வேண்டாம் என்பேன். பவுடர் கோட்டிங் வந்துவிட்டது. குண்டைப் பொடியில் குலுக்கி அடுப்பில் சுட்டெடுத்தால் முழு உடம்பும் பிளாஸ்டிக் தோலுக்குள் போய்விடுகிறது. லூப் வேண்டாம், புகை குறைவு, கையில் ஈயம் ஒட்டாது. நான் செக் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

அச்சுக்காரி:

பூச்சு நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் இரண்டை மறக்காதீர்கள். பூச்சு குண்டின் விட்டத்தைக் கூட்டும், ஆகவே பூசிய பிறகு சைஸிங் டையில் (குண்டைச் சரியான விட்டத்துக்கு அழுத்தும் கருவி) கட்டாயம் தள்ள வேண்டும். குண்டின் அடியில் செக் உட்காரும் கழுத்தும் அதே அளவு தடித்துவிடுவதால் செக் ஏறாமல் அடம்பிடிக்கும். அப்புறம், பொடி வேகும் சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸ். தண்ணீரில் போட்டு இறுக்கிய குண்டு அந்தச் சூட்டில் மறுபடி மென்மையாகிவிடும். கடினம் வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து எடுத்தவுடன் திரும்பத் தண்ணீரில் போட வேண்டும்.

அந்தத் தண்ணீர் வாளி உருக்குச் சட்டிக்கு அருகில் இருக்கவே கூடாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் நீராவியாக வெடித்து உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். இதை நூறு முறை சொன்னாலும் தகும்.

நீள்குழல்:

ரைஃபிளில் வினாடிக்கு 2,000 அடிக்கு மேல் போகிறவர்களில் பலர் பூச்சும் போட்டுச் செக்கும் மாட்டுகிறார்கள். பூச்சின் தோல் மெல்லியது, அடிப்பாகத்துக்கு அது செம்பின் வலுவைத் தராது. கைத்துப்பாக்கி வேகத்தில் பூச்சு செக்கின் இடத்தைப் பிடித்துவிட்டது என்றால் மறுக்க மாட்டேன்.

செக் போடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கழுத்தில் செக் நேராக உட்காராவிட்டால் போடாததைவிட மோசம். சாய்ந்த அடி, சாய்ந்த பாதை. விளிம்பு கழுத்தைக் கவ்விக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள், ஹார்னடி செக்குகள் அப்படிப்பட்டவை. வெறுமனே சொருகி நிற்கும் வகை பறக்கும்போது கழன்று விழலாம், ஒன்று விழுந்து ஒன்று விழாவிட்டால் குறி சிதறும். செம்பு விறைப்பாக இருந்து, அழுத்திய பிறகு கொஞ்சம் பின்வாங்கினால், செக்குகளைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் நன்றாகக் கவ்வும். கழுத்து குறுகிய ரைஃபிள் கூடுகளில் செக் கூட்டின் கழுத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்படி குண்டை அழுத்தாதீர்கள், அது மருந்துக்குள் கழன்று விழ வாய்ப்புண்டு. சத்தம் குறைக்கும் குழாய் மாட்டிச் சுடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கழன்ற செக் உள்ளே இருக்கும் தடுப்புகளில் மோதும்.

மருந்தளவைக் கையேட்டில் அந்தக் குண்டுக்கே உள்ள பக்கத்திலிருந்து எடுங்கள். செக் உள்ள குண்டுக்குப் போட்ட அளவைத் தட்டை அடிக் குண்டுக்கு மாற்றாதீர்கள்.

ஈயக்கரண்டி:

இவ்வளவு பட்டியலைப் பார்த்தாலே என் வாதத்துக்கு வலு கூடுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் இன்னொரு பொருள், இன்னொரு படி, பழுதாக இன்னொரு இடம். மணிக்கணக்கில் வார்த்து, வாரம் முழுக்க நிறையச் சுடுகிற ஆளுக்கு இது வீண் சுமை. அளவைப் பிடி, கலவையைத் தோட்டாவின் அழுத்தத்துக்கு ஏற்ப வை, லூப்பைச் சோதி. இவை மூன்றையும் முடித்து, அதன் பிறகும் படிந்தால் அப்போது செக் பற்றிப் பேசுவோம்.

நீள்குழல்:

வரிசையை ஏற்கிறேன். அளவுதான் முதலில், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ரைஃபிளுக்கு அச்சு வாங்கும் முடிவை அந்த மூன்றும் முடிகிற வரை தள்ளிவைக்க முடியாது. செக் கழுத்து உள்ள அச்சா, தட்டை அடி அச்சா என்பதை வாங்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். மார்லின் ரைஃபிள்களின் மைக்ரோ குரூவ் குழல் போல வரிகள் ஆழமில்லாதவற்றில் ஈயம் நழுவாமல் பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பெரிய குண்டும் செக்கும் சேர்ந்தே உதவும். மெதுவாகச் சுட நினைத்தால் செக் கழுத்துள்ள குண்டைச் செக் இல்லாமலும் சிலர் சுடுகிறார்கள். தட்டை அடி குண்டுக்கு மாட்டுகிற மெல்லிய அலுமினியச் செக்குகள் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றை வீட்டிலேயே அடித்துக்கொள்ள நினைத்தால் தனிக் கருவி வேண்டும். ஆகவே .30-30க்கோ .308க்கோ முதல் அச்சு வாங்குகிறவர் கேட்டால் செக் கழுத்துள்ளதையே வாங்கச் சொல்வேன்.

ஈயக்கரண்டி:

.30-30க்கு நீங்கள் சொல்வது சரி. .38 ஸ்பெஷலுக்கும் .45 ஏசிபிக்கும் யாராவது அதையே சொன்னால் நான் மறுபடி வந்து எழுதுவேன்.

புதுவார்ப்பு:

உளியை மாற்றிப் பார்க்கிறேன் அண்ணா. குண்டை இழுத்தெடுத்து அளந்ததும் எண்ணை இங்கே போடுகிறேன்.