காந்த நானோ துகள்களால் புற்றுநோய்க் கட்டியைச் சூடாக்கி அழிக்க முடியுமா?

கேள்வி: நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு ஓராண்டுக்கு முன் மூளையில் கிளியோபிளாஸ்டோமா வகைக் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவைச் சிகிச்சை செய்து, அதன்பின் கதிர்வீச்சும் டெமோசோலமைடு மாத்திரையும் கொடுத்தார்கள். சென்ற மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், அறுத்தெடுத்த இடத்தின் ஓரத்திலேயே கட்டி மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது.

இந்நிலையில் உறவினர் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பினார். காந்தத் தன்மையுள்ள இரும்பு நானோ துகள்களை நரம்பில் ஊசியாகப் போட்டால், அவை தாமாகவே புற்றுச் செல்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் என்றும், வெளியிலிருந்து காந்தப்புலத்தைச் செலுத்தினால் அந்தச் செல்கள் மட்டும் வெந்து மடியும் என்றும், பக்கத்தில் உள்ள நல்ல செல்லுக்கு ஒரு துளியும் பாதிப்பில்லை என்றும் அதில் சொல்கிறார்கள். நான் இயற்பியல் படித்தவள் என்பதால், மாறுதிசைக் காந்தப்புலத்தில் இரும்பு சூடாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சூடு ஒரே ஒரு செல்லுக்குள் அடங்கி நிற்குமா என்பதும், இது மனிதர்களுக்கு உண்மையிலேயே செய்யப்பட்டிருக்கிறதா என்பதும்தான் எனக்குத் தெரியவேண்டும். நம்பிக்கையை வளர்த்துக்கொள்வதற்கு முன் அதன் அளவை அறிய விரும்புகிறேன். தெரிந்தவர்கள் ஒளிக்காமல் எழுதுங்கள்.

பதில்: இரும்புத்துகள்

சகோதரி, தங்கள் தாயாரின் நிலை அறிந்து வருந்துகிறேன். நான் இத்துகள்களைத் தயாரித்து, அவை எவ்வளவு வெப்பம் தருகின்றன என்று அளக்கும் வேலையில் இருப்பவன். மருத்துவன் அல்லன், ஆகவே இயற்பியல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கருத்து புதியதன்று. 1957-இல் கில்கிறிஸ்ட் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும், நிணநீர்க் கணுக்களில் சேர்ந்த இரும்பு ஆக்சைடு துகள்களை மாறுதிசைக் காந்தப்புலத்தால் சூடாக்க முடியும் என்று காட்டினார்கள். இன்று பெரும்பாலும் பயன்படுவதும் அதே இரும்பு ஆக்சைடுதான். ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே போனால், புலத்தை நிறுத்தியவுடன் அதன் காந்தத்தன்மையும் மறைந்துவிடுகிறது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கட்டியாகாமல், திரவத்தில் தனித்தனியே மிதக்கின்றன. புலம் நொடிக்கு லட்சம் முறை திசை மாறும்போது, ஒவ்வொரு துகளின் காந்தத் திசையும் அதைத் துரத்திப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலில் இழக்கும் ஆற்றலே வெப்பமாகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்த்தால் காணொளி சொல்வதெல்லாம் உண்மை என்றே தோன்றும். மை போன்ற கருந்திரவம் ஒரு மில்லிலிட்டரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் எடுத்துச் செப்புக் குழாய்ச் சுருளின் நடுவே வைப்போம். சுருள் சூடாகிவிடாதபடி குழாய்க்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். உலோக வெப்பமானியை உள்ளே விட்டால் அதுவே சூடாகிப் பொய் சொல்லும் என்பதால் கண்ணாடி இழையாலான உணரியைத்தான் பயன்படுத்துவோம். இயந்திரத்தைத் தொடங்கிய சில நிமிடங்களில் 25 டிகிரி செல்சியஸில் இருந்த திரவம் 45 டிகிரியைத் தாண்டிவிடும். ஆனால் அதே துகள்களை அகர் கூழில் உறையவைத்து அளந்தால், துகள் தானே சுழல முடியாமல் சிக்கிக்கொள்வதால், வெப்பம் பல வேளைகளில் கண்கூடாகக் குறைந்துவிடும். செல்லுக்குள் நுழைந்து கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டால் இன்னும் குறையும். குப்பியில் கிடைத்த எண்ணை உடலுக்குப் பொருத்தக்கூடாது என்பதை நான் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்வதுண்டு.

இனித் தங்கள் கேள்வி. ஒரு கிராம் துகளுக்கு 100 வாட் என்று எடுத்துக்கொள்வோம். நல்ல துகளுக்கு இது நியாயமான அளவு. 12 நானோமீட்டர் விட்டமுள்ள தனித் துகள், தன்னைச் சுற்றியுள்ள நீரைவிட எவ்வளவு சூடாக இருக்கும் என்று வெப்பக் கடத்தல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், ஒரு டிகிரியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்று வருகிறது. சரி, ஒரு செல்லுக்குள் 100 பிகோகிராம் (பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துகளை அடைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள அந்தச் செல்லின் மேற்பரப்பு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சூடாவதில்லை. அவ்வளவு சிறிய பொருளிலிருந்து வெப்பம் நொடியில் வெளியே கசிந்துவிடுகிறது. நானோ அளவிலான இந்தத் தடையை 2002-இல் யோயெட் ராபின் ஒரு கட்டுரையில் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்.

மாறாக, அரை சென்டிமீட்டர் ஆரமுள்ள கட்டியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் துகள் சீராகப் பரவியிருந்தால், இரத்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதபோது, அதன் மையம் ஏறத்தாழ 20 டிகிரி வரை உயரும். காரணம், செறிவு மாறாமல் இருந்தால் வெப்ப உயர்வு ஆரத்தின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. சூடாக்குவது கூட்டமே, தனித் துகளன்று. உடலெங்கும் சிதறிய ஒற்றைச் செல்களை இம்முறையில் தேடிப்பிடித்து வேகவைக்க இயலாது என்பது இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

பதில்: கதிரலை

நான் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவ இயற்பியலாளர். மேலே எழுதியவர் போட்ட கணக்கையே பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். ஏனெனில் மனிதர்களில் இதுவரை நடந்தவை அனைத்தும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டே நடந்திருக்கின்றன.

கட்டியில் அவ்வளவு செறிவு வேண்டுமென்றால் துகள் எவ்வழியாகப் போகவேண்டும்? 2016-இல் வெளியான விரிவான தொகுப்பாய்வு ஒன்று, முந்தைய பத்தாண்டுகளின் விலங்கு ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது, இரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை அளவாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று கண்டது. எஞ்சியவற்றில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. வெளியே காந்தத்தை வைத்து இழுக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். 1996-இல் பெர்லினில் லுப்பே குழுவினர், எபிருபிசின் மருந்தைத் துகளோடு பிணைத்து 14 நோயாளிகளுக்குக் கொடுத்து, தோலுக்கு அண்மையிலுள்ள கட்டிகளுக்கு வெளியே காந்தத்தை வைத்துப் பார்த்தார்கள். ஆனால் காந்தத்தின் இழுவிசை தொலைவு கூடக்கூட மிக விரைவாகத் தேய்ந்துபோகிறது. சில சென்டிமீட்டர் ஆழத்தில், ஓடும் இரத்தத்திலிருந்து துகளைப் பிடித்து நிறுத்துவது மிகக் கடினம்.

ஆகவே, மூளைக் கட்டிக்கு உண்மையில் செய்யப்பட்ட முறை வேறு. ஜெர்மனியைச் சேர்ந்த மேக்ஃபோர்ஸ் நிறுவனத்தின் துகள் திரவத்தை, மண்டையில் சிறு துளையிட்டு, ஸ்கேன் படத்தின் துணையோடு ஊசியை நேரே கட்டிக்குள் செலுத்தி நிரப்பினார்கள். பின்னர் 100 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்தில் வாரம் இருமுறையாக, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் படுக்கவைத்தார்கள். கூடவே கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டது. கதிர்வீச்சு இங்கே உடன்சேர்ப்பு அன்று, கூட்டாளி. 43 டிகிரி அளவிலான வெப்பம், கதிர்வீச்சால் உடைந்த டி.என்.ஏ.வைச் செல் சரிசெய்துகொள்ளும் திறனைக் குறைக்கிறது. 2010-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது. 2011-இல் வெளியான ஆய்வில், கட்டி திரும்பிய 59 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகள் அத்திரும்பலிலிருந்து இடைநிலை அளவாக 13.4 மாதங்கள் வாழ்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

இந்த எண்ணைப் படிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஒப்பிடுவதற்கென்று அதே ஆய்வில் மற்றொரு குழு இல்லை. பழைய பதிவுகளோடுதான் ஒப்பிட்டார்கள். ஊசி போடக்கூடிய அளவில், அறுவை செய்யத்தக்க உடல்நிலையில் இருந்தவர்களே சேர்க்கப்பட்டார்கள் என்பதால், அவர்கள் இயல்பிலேயே சற்று நல்ல நிலையில் இருந்தவர்களாகவும் இருக்கலாம். அதைத் தீர்த்துவைக்கும் பெரிய ஒப்பீட்டு ஆய்வு வரவில்லை. 2022-இல் அந்நிறுவனமே நொடித்துப்போனது. நன்மை இருந்ததா என்ற கேள்வி இப்படிப் பாதியில் நிற்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது, ஏனென்றால் முறை பொய்யானதன்று.

புலத்தை விருப்பம்போல் கூட்டவும் முடியாது. துகளே இல்லாத உடலிலும் மாறுதிசைப் புலம் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கிச் சூடாக்குகிறது. 1980-களில் பிரெசோவிச் தன்னார்வலர்களைச் சுருளுக்குள் வைத்துச் சோதித்ததிலிருந்து வந்த வரம்பின்படி, மீட்டருக்கு ஆம்பியர் கணக்கில் புல வலிமையையும் ஹெர்ட்ஸ் கணக்கில் அதிர்வெண்ணையும் பெருக்கிய தொகை ஏறத்தாழ 48.5 கோடியைத் தாண்டக்கூடாது. உடற்பகுதி அகலமாக இருந்தால் இந்தச் சூடு மிகும். தலை சிறியது என்பதால் அங்கே ஓரளவு கூடுதலாகப் போகமுடிகிறது.

பதில்: செம்பருத்தி

மாற்றுக் கருத்தாக அன்று, ஒரு சேர்க்கையாக எழுதுகிறேன். செல்லின் வெப்பநிலை அளக்கத்தக்க அளவில் உயராமலேயே, துகளை உள்வாங்கிய லைசோசோமின் (செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பையின்) சவ்வு சேதமடைந்து செல் மடிவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் வந்திருக்கின்றன. ஆகவே தனிச் செல்லைத் தொடவே இயலாது என்று முற்றாகக் கதவடைக்க வேண்டியதில்லை. வேகவைப்பது என்ற சொல்தான் தவறு. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், இரத்தசோகைக்குக் கொடுக்கும் ஃபெருமாக்சிட்டால் என்னும் இரும்பு ஆக்சைடு மருந்து, காந்தப்புலம் எதுவும் இல்லாமலே, எலிகளில் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டிக்கு எதிராகத் திருப்புவதைக் கண்டார்கள். இவை இரண்டும் இன்னும் மனிதர்களுக்குச் சிகிச்சையாகவில்லை.

சிகிச்சையாகியிருப்பது எளிமையான ஒன்று. அது என் உடம்பிலேயே நடந்தது. மார்பகப் புற்றுக்கு அறுவை செய்தபோது, கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றுசேரும் கணு எது என்று அறியக் காந்தத் திரவத்தை ஊசியாகப் போட்டார்கள். அறுவையின்போது ஒரு கைக்கருவியை அக்குள் மீது நகர்த்திக்கொண்டே போக, அதன் ஒலி ஏறிய இடத்தில் அந்தக் கணு கிடைத்ததாகப் பின்னர் மருத்துவர் சொன்னார். ஊசி போட்ட இடத்தில் பழுப்பு நிறத் தழும்பு ஒன்று பல மாதங்கள் இருந்தது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இம்முறைக்கு 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. துகள் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும், சூடாக்க வேண்டியதில்லை என்பதால் இது எளிதாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுமொழி: நிலாமுற்றம்

மூவருக்கும் நன்றி. கணக்கை நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வருகிறது. காணொளியில் வரும் நரம்பு ஊசியும் தனிச் செல்லை வேகவைப்பதும் பொய், கட்டிக்குள் நேரே செலுத்தும் முறை மெய் என்று புரிந்துகொள்கிறேன். அம்மாவுக்கு அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட ஆய்வு ஏதேனும் எங்காவது ஆள் சேர்த்தால், அதில் சேர்வதற்கு முன் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது என்ன?

பதில்: கதிரலை

முதலில், கட்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, ஊசி செல்லும் வழியில் பேச்சுக்கோ கை கால் இயக்கத்துக்கோ உரிய பகுதி குறுக்கிடுகிறதா என்று கேளுங்கள். அடுத்தது, பலரும் கேட்க மறக்கும் ஒன்று: துகள் உள்ளே போனபின் அந்த இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கருமையாக மறைந்துவிடும். கட்டி வளர்கிறதா இல்லையா என்பதை அதன்பின் வேறு வகைப் படங்களைக் கொண்டுதான் பார்க்க முடியும். ஆகவே எப்படிக் கண்காணிப்பார்கள் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தலைக்கு அருகில் உலோகம் இருந்தால் அதுவும் புலத்தில் சூடாகும் என்பதால், பற்களில் உலோக அடைப்போ உலோக உறையோ இருந்தால் அகற்றச் சொல்வார்கள். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியிருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். துகள்கள் எங்கே போகின்றன என்ற அச்சம் இருந்தால், இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரை, அவை செலுத்திய இடத்திலேயே, பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்களுக்குள் தங்கியிருந்ததாகக் கூறுகிறது.

ஆய்வுக்காகக் காத்திருந்து, மறு அறுவை, மறு கதிர்வீச்சு, வேறு மருந்து என்று இப்போது கையில் இருக்கும் வழிகளைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த வாரச் சந்திப்புக்கு இதுவரை எடுத்த எல்லா எம்.ஆர்.ஐ. படங்களையும் குறுந்தகட்டில் தேதி வாரியாக எடுத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.