நம்மை அழவைத்தும் பிடித்துப்போன எதிரணி ஆட்டக்காரர்: ஓக்பெச்சேயை நேரில் பார்த்தவர்கள் சொல்வது

வியாசர்பாடியிலிருந்து:

எதிரணிக்கு ஆடி, நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு, அப்படியும் மனசுக்குப் பிடித்துப்போன வெளிநாட்டு கால்பந்து ஆட்டக்காரர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. நைஜீரியாவின் பர்த்தலோமியூ ஓக்பெச்சே.

2018 அக்டோபர் 18. ஆயுத பூஜை. வழி நெடுக உடைத்த பூசணிக்காய், அதில் வழுக்கிவிடாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு பெரியமேடு நேரு ஸ்டேடியம் போய்ச் சேர்ந்தோம். நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சி அப்போது ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நடப்புச் சாம்பியன், ஆனால் அந்த சீசனின் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. வந்திருப்பது ஓக்பெச்சே ஆடிய நார்த் ஈஸ்ட் யுனைடெட், இன்றைக்காவது கணக்கைத் திறந்துவிடலாம் என்று எல்லாருக்கும் ஒரு தெம்பு. அரை மணி நேரம் தாண்டியபோது 3-1 என்று முன்னிலையில் இருந்தோம். தோய் சிங் இரண்டு அடித்திருந்தார். கேலரியில் ஒருவர்கூட உட்காரவில்லை.

இடைவேளைக்குப் போகும்போது 3-3. அவர்களுடைய மூன்று கோலும் ஒரே ஆள் அடித்தது, ஓக்பெச்சே. இரண்டாம் பாதியில் ரௌலின் போர்ஜஸ் ஒன்று போட, 4-3 என்று தோற்று வெளியே வந்தோம்.

நான் எங்கள் ஏரியா டீமில் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். அதனால் என் கண் எப்போதும் பந்தின் மேல் இருக்காது, கோல் அடிக்க வருகிற பார்வர்டு மேல்தான் இருக்கும். அன்றைக்கு ஓக்பெச்சேயைப் பார்த்து அசந்துபோனேன். பந்து தூரத்தில் இருக்கும்போது அவர் ஓடவே மாட்டார், சும்மா நடப்பார். நம் ஸ்டாப்பர் பந்து எங்கே என்று தலையைத் திருப்புகிற அந்த நொடியில் இரண்டு எட்டு பின்னால் வைத்து, அவர் முதுகுப் பக்கம் போய் நின்றுவிடுவார். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் வரும்போது மட்டும் மறுபடி முளைப்பார். இது வேகத்தில் வருவதில்லை. அப்போது அவருக்கு 34 வயது, நம் பையன்கள் ஓட்டத்தில் அவரை முந்துவார்கள். ஆனால் எங்கே ஓட வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

'பென்ஷன் வாங்க இந்தியாவுக்கு வந்தவர்' என்று பக்கத்தில் சிலர் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனிதர் 2002 உலகக் கோப்பையில், 17 வயதில், பத்திஸ்தூத்தா இருந்த அர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் நிமிடத்திலிருந்தே ஆடியவர். பாரிஸ் செயின்ட் ஜெர்மெயின் கிளப்பில் ரொனால்டினோ, ஒகோச்சா ஆகியோர் இருந்த காலத்தில் சீனியர் அணிக்கு ஏறியவர். அதற்கு அப்புறம் அவருடைய வாழ்க்கையைப் பாருங்கள். பிரான்சில் பாஸ்தியா, மெட்ஸ், பிறகு வளைகுடாவில் அல் ஜசீரா, ஸ்பெயினில் அலவேஸ், காதிஸ், கிரீஸில் கவாலா, இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, திரும்ப ஸ்பெயினில் ஹெரெஸ், நெதர்லாந்தில் காம்பூர், வில்லெம் II. ஒவ்வொரு ஊரிலும் புது மொழி, புது கோச், புது டிபென்டர். முதல் ஐந்தாறு ஆட்டத்தில் கோல் வராவிட்டால் உள்ளூர்க்காரனுக்குக் கிடைக்கும் பொறுமை வெளிநாட்டுக்காரனுக்குக் கிடைக்காது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சின்ன வயதில் கிளம்பி ஐரோப்பாவுக்குப் போன எத்தனையோ பேர் இரண்டாவது கிளப்போடு காணாமல் போயிருக்கிறார்கள். இவர் இத்தனை நாட்டில் தாக்குப்பிடித்து, அந்த அத்தனை பாடத்தையும் கொண்டுவந்து எங்கள் கோல் முன்னால் பெனால்டி பாக்ஸுக்குள் காட்டினார். அதைப் பென்ஷன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கோயம்புத்தூரிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் 2020 பிப்ரவரி 1 ஞாபகம் வந்துவிட்டது. ஓக்பெச்சே அப்போது கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டன். நார்த் ஈஸ்டில் அவரை ஆடவைத்த டச்சுக் கோச் எல்கோ ஷட்டோரி கேரளாவுக்குப் போனபோது இவரும் போய்விட்டார். நாங்கள் ரயிலேறி கொச்சி கலூர் மைதானத்துக்குப் போனோம். (அதுவும் நேரு ஸ்டேடியம்தான். ஆட்டோக்காரரிடம் கலூர் என்று சொன்னால் போதும்.)

சுற்றிலும் மஞ்சள், நடுவில் நாங்கள் நாலு பேர் நீலம். முதல் பாதியிலேயே நம் ஆட்கள் 3-0. கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் ஒன்று. ஆட்டம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். இடைவேளைக்குப் பிறகு ஓக்பெச்சே ஒன்று அடித்தார். நம் சாங்தே ஒன்று திருப்பிக் கொடுத்தார். ஓக்பெச்சே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது. 4-3! எங்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் 6-3 என்று நாம்தான் ஜெயித்தோம், ஆனால் அந்த அரை மணி நேரம் பட்ட பாடு இருக்கிறதே...

எனக்கு மறக்காதது கோல் அடித்த பிறகு அவர் செய்தது. பெரிய கொண்டாட்டம் எதுவும் இல்லை. பந்தை எடு, நடு மைதானத்தில் வை, ஆடு என்று சக ஆட்டக்காரர்களை விரட்டிக்கொண்டே இருந்தார். தோற்கிற அணியில் ஒருவன் ஹாட்ரிக் அடிப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த சீசனில் 16 ஆட்டத்தில் 15 கோல். அணி கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுப் பக்கமே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேரளப் பெரியவர் ஒருவர் கடைசி விசில் அடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார். எங்களுக்கா, அவருக்கா என்று கேட்டேன். 'ரெண்டு பேருக்கும்தான் மோனே' என்றார்.

ஹைதராபாத்திலிருந்து:

நான் வேலைக்காக ஹைதராபாத்தில் இருக்கிறேன். சென்னையின் எஃப்சி ரசிகன்தான், ஆனால் 2022-23 சீசனில் கச்சிபௌலி மைதானத்துக்கு ஓக்பெச்சேக்காகவே போனேன். காரணம், அவருடைய நல்ல காலத்தை நேரில் பார்க்க யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. கொரோனா சமயத்தில் இரண்டு சீசனும் கோவாவிலேயே, ஆளில்லாத கேலரிக்கு முன்னால் நடந்தன. 2021 இறுதிப் போட்டியில் மும்பை சிட்டிக்காக 90-வது நிமிடத்தில் அவர் கொடுத்த பந்தைத்தான் பிபின் சிங் கோலாக்கிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசன் ஹைதராபாத், 18 கோல், அதிக கோல் அடித்தவருக்கான தங்க பூட். 37 வயதில்! 2022 இறுதிப் போட்டியில் எதிரணி அவருடைய பழைய கேரளா பிளாஸ்டர்ஸ். பெனால்டி ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்து ஹைதராபாத் கோப்பையைத் தூக்கியது. இறுதிப் போட்டிக்கு மட்டும் கூட்டத்தை உள்ளே விட்டார்கள்.

கச்சிபௌலியில் நான் பார்த்தபோது அவர் இன்னும் மெதுவாகியிருந்தார். முதுகில் டிபென்டரைத் தாங்கிக்கொண்டு, மார்பில் பந்தை இறக்கி, ஒரே தட்டில் ஓரத்தில் ஆடுகிற விங்கருக்குக் கொடுத்துவிட்டு பாக்ஸை நோக்கி நடப்பார். அந்த சீசனிலும் 10 கோல்.

நார்த் ஈஸ்டுக்கு 12, கேரளாவுக்கு 15, மும்பைக்கு 8, ஹைதராபாத்துக்கு 28. ஆக மொத்தம் ஐஎஸ்எல்லில் 63 கோல். ஐந்தே சீசன், நாலு கிளப். 2024 செப்டம்பரில்தான் சுனில் சேத்ரி அதைத் தாண்டினார், அதுவும் லீக்கில் தன் பத்தாவது சீசனில். சேத்ரியைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் நம் பெருமை. ஆனால் ஓக்பெச்சே பெயரை இன்றைக்கு யாரும் எடுப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். இந்தியாவில் எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்காதவரை எந்த ஊர் தன் ஆள் என்று சொல்லும்?

வியாசர்பாடி அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 4-3 ஆட்டத்தின் ஹைலைட்ஸ் கிடைத்தால் உங்கள் ஏரியாவில் பார்வர்டு ஆடுகிற பையன்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கோல் விழுகிற நொடியை விடுங்கள். அதற்கு நாலு விநாடி முன்னால் நிறுத்தி, அவர் எங்கே நிற்கிறார் என்று காட்டுங்கள்.