கிருமி இல்லைன்னு ரிப்போர்ட், எடையைக் குறைத்தால் போதுமா?

குளச்சல் நர்ஸ்:
46 வயது ஆண். உயரம் 162 செ.மீ., எடை 74 கிலோ. அவருடைய அப்பாவுக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் இருந்தது. இவருக்கு ஆறு மாதமாக நெஞ்செரிச்சல், தினமும் காலையில் அமிலம் குறைக்கும் பான்டாப்ரசோல் 40 மாத்திரை. போன வாரம் மலத்தில் ஹெச். பைலோரி (இரைப்பையில் வாழும் கிருமி) ஆன்டிஜென், அதாவது அந்தக் கிருமியின் கூறு, பார்த்ததில் நெகட்டிவ். "கிருமி இல்லைல்லா, இனி எடையைக் குறைச்சா போதும்" என்கிறார்கள் வீட்டில். வாரம் நாலு நாள் நெத்திலிக் கருவாடு உண்டு. என்ன சொல்லி அனுப்பலாம்?

எண்டோஸ்கோபி அறை:
முதலில் அந்த நெகட்டிவை நம்பாதீங்க சிஸ்டர். பான்டாப்ரசோல் சாப்பிடும்போது கிருமியின் எண்ணிக்கை குறைந்துவிடும். இருந்தாலும் பரிசோதனையில் சிக்காது. மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கணும். நடுவில் எரிச்சல் வந்தால் ஆன்டாசிட் சிரப் போதும். ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இங்கே உதவாது, கிருமி போன பிறகும் அது நாள்கணக்கில்லாமல் பாசிட்டிவ் காட்டும்.

எடைக்கு வருவோம். 74-ஐ 1.62-ஆல் இருமுறை வகுத்தால் 28.2. நம்ம ஆட்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன், ஆகவே குறைக்கத்தான் வேணும். ஆனால் பருமனும் கிருமியும் இரைப்பையின் ஒரே இடத்தைத் தாக்குவதில்லை. தொப்பையின் அழுத்தத்தில் அமிலம் மேலே ஏறுகிறது; உணவுக்குழாய் வந்து சேரும் மேல்வாயில்தான் அதனால் புற்று வரும் ஆபத்து கூடுது. ஹெச். பைலோரி பெரும்பாலும் அதற்குக் கீழே. வருஷக்கணக்கில் அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்ந்து இரைப்பையின் உட்படலம் குடல்படலம் மாதிரி மாறுவது, கடைசியில்தான் புற்று. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை உறுதியான புற்றுக்காரணி என்று அறிவித்தாச்சு. அப்பாவுக்கு வந்தது கீழ்ப்பகுதி. 10 கிலோ குறைத்தாலும் அந்தப் பக்கத்துக் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

இவருக்கு நான் எண்டோஸ்கோபியே சொல்வேன். கீழ்ப்பகுதியில் 2, வளைவில் 1, நடுப்பகுதியில் 2 என்று சதைத் துணுக்கு எடுத்து, கீழ்ப்பகுதியையும் நடுப்பகுதியையும் தனித்தனிக் குப்பியில் போடணும். ஒரே குப்பியில் கொட்டிவிட்டால் படலம் எவ்வளவு தூரம் மாறியிருக்கு என்று சொல்ல முடியாது.

மருந்துக்கடை அண்ணாச்சி:
பாசிட்டிவ் வந்தால் 14 நாள் நாலு மருந்து: அமிலம் குறைக்கும் மாத்திரை ரெண்டு வேளை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். அளவை டாக்டர் எழுதுவார். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த பழைய கிட்டுக்கு நம்ம நாட்டில் கிருமி நிறைய இடத்தில் மசிவதில்லை. சளிக்கு அதே இனத்து அசித்ரோமைசின் அடிக்கடி சாப்பிட்டவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகணும்.

பாதி பேர் தவறவிடுவது இங்கேதான்: டெட்ராசைக்ளினைப் பால் சாயாவோடு விழுங்குவார்கள். பால், கால்சியம், இரும்பு மாத்திரை எல்லாத்துக்கும் 2 மணி நேரம் தள்ளி வைக்கணும். ஒரு டம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கணும்; குடித்ததும் படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவை தரும், பலர் பாதியில், ஐந்தாம் நாளிலேயே நிறுத்திவிடுவதற்குக் காரணமே அதுதான். மது கூடவே கூடாது, முடிந்து 3 நாள் வரைக்கும். பிஸ்மத்தால் மலம் கறுக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டி, நாற்றமடித்தால் ரத்தக்கசிவு, உடனே ஆஸ்பத்திரி.

பத்தியக்காரி:
கருவாட்டை முழுசா விடச்சொன்னா யாரும் கேக்கமாட்டாவ. உப்புதான் படலத்தை அரிச்சுக் கிருமிக்கு வசதி பண்ணிக் குடுக்கு. வாரம் ஒரு நாளாக் குறைச்சு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவச்சு, ரெண்டு தடவை தண்ணி மாத்தி, குழம்புக்கு வேற உப்பு போடாம வைக்கச் சொல்லுங்க. மத்த நாளுக்குப் பச்சை மீன் இருக்கே. ராத்திரி கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் படுக்க 3 மணி நேரம் முன்னாடியே முடியணும். தலையணையை அடுக்காம கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை வைக்கணும்.

குறைக்க வேண்டியது ஆறு மாசத்தில் 4 முதல் 7 கிலோ. ஆனா சாப்பாட்டைக் குறைக்காமலே 4 கிலோ இறங்கினா "மெலிஞ்சாச்சே"ன்னு சந்தோஷப்படாதீங்க. கொஞ்சம் தின்னதுமே வயிறு நிறையறது, ரத்தசோகை, விழுங்கச் சிரமம் இதுல ஒண்ணு கூட இருந்தா அன்னைக்கே எண்டோஸ்கோபிக்கு அனுப்புங்க.

குளச்சல் நர்ஸ்:
நன்றி. அவருடைய தம்பி, தங்கைக்கும் பார்க்கணுமா?

எண்டோஸ்கோபி அறை:
கண்டிப்பா. இரைப்பைப் புற்று வந்தவர்களின் நேரடி ரத்த சொந்தங்களில் கிருமி இருந்தவர்களுக்குக் கொரியாவில் அதை ஒழிக்கும் மருந்தோ போலி மாத்திரையோ கொடுத்துச் சுமார் 9 வருஷம் கவனித்த முடிவு 2020-இல் வந்தது: மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதம், போலி மாத்திரை பெற்றவர்களில் 2.7 சதவீதம் பேருக்குப் புற்று. கிருமி உண்மையிலேயே ஒழிந்தவர்களை மட்டும் எடுத்தால் 0.8, ஒழியாதவர்களில் 2.9. அதனால் மருந்து முடிந்து 4 வாரம் கழித்து, பான்டாப்ரசோலை 2 வாரம் நிறுத்தி, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ மறுபடி செய்து நெகட்டிவ் ரிப்போர்ட்டை ஃபைலில் வையுங்க.